அறுவை அரங்கு இல்லாத எலும்பு மருத்துவர்: தருமபுரி கிளினிக் ஒன்றின் மதிப்புரை

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு மருந்துக் கடையின் பின்புறம் இரண்டு அறைகளில் நடக்கும் எலும்பு மூட்டு கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். அரசுப் பணியில் நெடுங்காலம் அறுவை சிகிச்சை செய்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர் மாலை வேளைகளில் அங்கே நோயாளிகளைப் பார்க்கிறார். படுக்கை கிடையாது, அறுவை அரங்கு கிடையாது, எக்ஸ்ரே இயந்திரமும் கிடையாது. மருத்துவர்கள் விளம்பரம் தேடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் சொல்வதை இன்றும் அப்படியே கடைப்பிடிப்பவர்; பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. ஆனால் அவர் தரும் சேவை என்ன என்பதையும், அது இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு அவசியமாகிவிட்டது என்பதையும் விரிவாக எழுதியே ஆக வேண்டும். அறுவை தேவையா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் அவருடைய முதன்மையான வேலை. செய்துதான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னாலும் அதைச் செய்யப்போவது வேறொருவர். அந்த முடிவால் அவருடைய வருமானம் ஒரு ரூபாய்கூட ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

நாங்கள் அவரிடம் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயாருக்கு வயது 58. பாலக்கோடு பக்கத்துக் கிராமம். தக்காளித் தோட்டத்தில் குனிந்தும் குந்தியும் உழைத்த உடம்பு. முழங்கால் வலி சில ஆண்டுகளாகவே இருந்தது. சென்ற ஆண்டு ஊருக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மூட்டு வலி முகாம் நடந்தது. முகாமில் முட்டியைத் தொட்டுப் பார்த்த கையோடு, பாதிக் கட்டணத்தில் ஸ்கேன் எடுத்துத் தருவதாகச் சொல்லி, மருத்துவமனையின் வேனிலேயே பலரையும் தருமபுரிக்கு அழைத்துச் சென்றார்கள். அம்மாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் முழங்கால் ஜவ்வில், அதாவது மூட்டின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸில், கிழிசல் இருப்பதாக எழுதியிருந்தது. சிறு துளை போட்டு கேமரா வழியாக அந்தக் கிழிசலைச் சரிசெய்ய வேண்டும், இப்போது விட்டால் மூட்டே போய்விடும், 85,000 ரூபாய் ஆகும், அந்த வாரமே அட்மிட் ஆகிவிடுங்கள் என்றார் அங்கிருந்த அறுவை மருத்துவர்.

பணம் புரட்டுவதற்கு இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தபோது, உறவினர் ஒருவர் அதே சாலையில் இருக்கும் இன்னொரு தனியார் மருத்துவமனையைச் சொன்னார். அங்கே அதே ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவர், துளை போட்டுச் செய்வதெல்லாம் வீண் செலவு, அந்த மருத்துவமனையில் வேறு என்ன செய்யத் தெரியும் என்றே கேட்டுவிட்டு, இரண்டு முழங்கால்களையும் மாற்றிவிடுவதுதான் ஒரே வழி என்றார். கட்டணம் 3,20,000 ரூபாய். முதல் மருத்துவமனையில் சொன்ன தொகையை நாங்கள் சொன்னதும், மக்கள் தொடர்பு அலுவலர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த இளைஞர் எங்களைத் தனியே அழைத்து, 2,75,000-க்கு முடித்துத் தருகிறோம், சாப்பாடு, அறை வாடகை எல்லாம் இதிலேயே அடக்கம் என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் தாயாரின் இரண்டு கால்களையும் பற்றிய பேச்சு அந்த இடத்தில் முழுக்க முழுக்கத் தொகையைப் பற்றிய பேச்சாகிவிட்டது.

ஒரே முழங்கால், ஒரே படம், இருநூறு அடி இடைவெளியில் இரண்டு முடிவுகள். இரண்டு மருத்துவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. தாம் சொன்னதை இருவருமே நம்பித்தான் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் மருத்துவமனையில் கேமரா அறுவைக்கான கருவி புதிதாக வந்திருந்தது. இரண்டாவதில் மூட்டு மாற்றுப் பிரிவு புதிதாகத் தொடங்கியிருந்தது. கையில் இருக்கும் கருவிக்கு ஏற்றபடிதான் கண் பார்க்கிறது. கருவிக்கு மாதத் தவணை கட்ட வேண்டியிருக்கும்போது, எதிர்க் கட்டடத்தில் அதே வேலைக்கு இன்னொருவர் காத்திருக்கும்போது, செய்யலாமா வேண்டாமா என்று தயங்குகிற இடத்தில் மனம் செய்யலாம் என்ற பக்கம்தான் சாயும்.

போட்டி வந்தால் விலை குறையும், தரம் கூடும் என்பது நமக்கு அனுபவப் பாடம். பாலக்கோடு தக்காளிச் சந்தையில் வியாபாரிகள் கூடினால் வாங்குபவருக்கு லாபம். காயைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். அறுவை சிகிச்சையில் வாங்குபவரால் எதையும் அழுத்திப் பார்க்க முடியாது. என்ன வேண்டும் என்று சொல்பவரும் அதை விற்பவரும் ஒருவரே. மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போல நடக்காது என்பதைப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே விரிவாக எழுதிவிட்டார். நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தவற்றுக்கு இடையே உள்ள பெரும் இடைவெளிதான் அதற்கு அவர் காட்டிய முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன், செலவை ஏற்கக் காப்பீடு இருக்கும் ஊரில் மருத்துவமனைப் படுக்கைகளைக் கூட்டினால் அவை தாமாகவே நிரம்பிவிடுகின்றன என்று அமெரிக்காவில் மில்டன் ரோமர் கண்டறிந்திருந்தார். நோய் கூடியதால் நிரம்பவில்லை. இடம் இருந்ததால் நிரம்பின.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பொருளியலறிஞர் விக்டர் ஃபூக்ஸ் 1978-இல் வெளியிட்ட ஆய்வு. மக்கள்தொகைக்கு ஏற்ப அறுவை மருத்துவர்களின் விகிதம் 10 சதவீதம் கூடினால், தலைக்கு நடக்கும் அறுவைகள் ஏறத்தாழ 3 சதவீதம் கூடுகின்றன என்று அமெரிக்கத் தரவுகளிலிருந்து அவர் கணக்கிட்டார். மருத்துவர்கள் பெருகிய இடங்களில் கட்டணம் இறங்கவில்லை, ஏறவே செய்தது. அதற்கு முன்பு, 1973-இல், ஜான் வென்பர்க்கும் ஆலன் கிட்டல்சோனும் வெர்மான்ட் மாநிலத்தின் சிறு சிறு பகுதிகளை ஒப்பிட்டிருந்தார்கள். தொண்டைச் சதை நீக்கும் அறுவை ஒரு பகுதியில் 10,000 பேருக்கு 13 என்றும் இன்னொரு பகுதியில் 151 என்றும் நடந்திருந்தது. அடுத்தடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்குத் தொண்டை இவ்வளவு வேறுபட வாய்ப்பில்லை. வேறுபட்டது அந்தந்த ஊர் மருத்துவர்களின் பழக்கம். அந்தப் புள்ளிவிவரத்தை மருத்துவர்களிடமே கொண்டுபோய்க் காட்டிய பிறகு அங்கே எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தாம் செய்வது பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று அதுவரை அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

இனி கிளினிக்குக்கு வருகிறேன். மருத்துவர் முதலில் படத்தைக் கேட்கவில்லை. அம்மாவை வாசல் வரை நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னார். பிறகு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். மேசையில் படுக்க வைத்து, முழங்காலைத் தொடுவதற்கு முன்பாகவே தொடையை உள்ளும் புறமும் சுழற்றிப் பார்த்தார். இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முழங்கால் வலியாகக் காட்டிக்கொள்வது உண்டாம். அதன் பின்புதான் முழங்காலுக்கு வந்தார். மூட்டு இடுக்கின் ஓரமாகக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே, “எந்த இடத்துலம்மா? இங்கயா, இன்னும் உள்ளயா? படி ஏறும்போது வலிக்குதா, இறங்கும்போதா? ராத்திரி தூக்கத்துல எழுப்புதா? நடக்கும்போது கால் திடீர்னு பூட்டிக்குதா?” என்று கேட்டார். “இறங்கும்போதுதாங்கய்யா உயிர் போவுது. ராத்திரியில ஒண்ணும் இல்லீங்க, பூட்டிக்கிறதும் இல்லீங்க” என்றார் அம்மா. முந்தைய இரண்டு மருத்துவமனைகளிலும் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கொண்டுபோயிருந்த பழைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும், இதைப் படுக்க வைத்து எடுத்தார்களா, நிற்க வைத்து எடுத்தார்களா என்று கேட்டார். படுக்க வைத்துத்தான். உடம்பின் எடை மூட்டின் மேல் இறங்கும்போதுதான் இரண்டு எலும்புகளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்று தெரியும். படுத்திருக்கும்போது எடுத்தால் தேய்மானம் உள்ளதைவிடக் குறைவாகவும் தெரியலாம் என்று விளக்கி, நிற்க வைத்து இரண்டு முழங்கால்களையும் ஒரே படத்தில் எடுத்து வரச் சொல்லி எழுதித் தந்தார். எந்த எக்ஸ்ரே நிலையம் என்று கேட்டதற்கு, எங்கு வேண்டுமானாலும் எடுங்கள், அரசு மருத்துவமனையில் எடுத்தாலும் போதும் என்றார். பரிசோதனை நிலையத்தின் பெயர் அச்சிட்ட சீட்டு எதுவும் அவர் மேசையில் இல்லை. நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்குவதை அதே 2002 விதிகள் தடை செய்கின்றன. அந்த விதி எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஸ்கேன் எடுத்த எல்லோருக்கும் தெரியும்.

புதிய படத்தில் தேய்மானம் இருந்தது, ஆனால் நடுத்தரமாகத்தான். இடைவெளி குறைந்திருந்ததே தவிர எலும்போடு எலும்பு உரசும் நிலை வரவில்லை. ஜவ்வுக் கிழிசலைப் பற்றி நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் அச்சத்தில் பாதியை நீக்கியது. இந்த வயதில் ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் கிழிசல் தெரியும். அது பெரும்பாலும் தேய்மானத்தின் ஒரு பகுதி. கால் பூட்டிக்கொள்ளாதவரை அதைத் தொட வேண்டியதில்லை என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 50 முதல் 90 வயது வரை உள்ள 991 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியே இல்லை. தேய்மானத்துக்காகக் கேமரா வழியாக மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவையை, தோலில் மட்டும் கீறித் தைத்த போலி அறுவையோடு ஒப்பிட்ட ஹூஸ்டன் ஆய்வு 2002-இல் வந்தது. 180 பேரில் உண்மையான அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. 2013-இல் பின்லாந்தில் ஜவ்வுக் கிழிசலுக்கே இப்படிப் போலி அறுவையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதே முடிவுக்கு வந்தார்கள். எங்களிடம் 85,000 ரூபாய்க்குச் சொன்ன சிகிச்சை இதைச் சேர்ந்ததுதான்.

மூட்டு மாற்று அறுவையை அவர் குறைத்துப் பேசவில்லை. இரவில் வலி தூங்கவிடாத, நூறு அடி நடக்க முடியாத, கால் வளைந்துபோன நோயாளிக்கு அது வாழ்க்கையைத் திருப்பித் தரும் அறுவை, நானே நிறையச் செய்திருக்கிறேன் என்றார். ஆனால் வைக்கும் மூட்டுக்கும் ஆயுள் உண்டு. வயது குறைவாக இருக்கும்போதே வைத்தால் பிற்காலத்தில் திரும்பவும் திறக்க வேண்டி வரலாம், இரண்டாவது முறை செய்வது கடினம். உங்களுக்கு ஒருநாள் தேவைப்படலாம், இன்றைக்குத் தேவையில்லை என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

பிறகு எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார். “எத்தனை வருஷமா போர் தண்ணி குடிக்கிறீங்க?” அம்மாவின் பற்களைப் பார்த்தார், குனிந்து தரையைத் தொடச் சொன்னார், முன்கைக்கும் ஓர் எக்ஸ்ரே எழுதினார். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் வெகு காலம் குடித்தால் முதுகும் மூட்டுகளும் இறுகிப்போகும்; முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிவது அதன் அடையாளங்களில் ஒன்று. அம்மாவின் படத்தில் அது லேசாக இருந்தது. முதுகு இறுக்கத்தில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம், முட்டியை மாற்றினால் அந்தப் பங்கு போகாது என்றார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லேயே தொடங்கிவிட்டது; எங்கள் தெருக் குழாயிலும் அந்தத் தண்ணீர் வருகிறது. வராத நாள்களில் போர் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்த வழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டோம். தருமபுரியில் முழங்கால் பார்க்கும் மருத்துவர் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் அறுவைக்கு நாள் குறிப்பது எப்படி என்ற கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த இடத்தில்தான் போட்டியின் மிகப் பெரிய கேடு எனக்கு விளங்கியது. பணத்துக்காக வேண்டாத அறுவை செய்கிறார்கள் என்ற வழக்கமான குற்றச்சாட்டு இதன் சிறு பகுதிதான். “ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்” என்று சொல்லும் மருத்துவரைச் சந்தை தண்டிக்கிறது. அப்படிச் சொன்னால் நோயாளி எழுந்து அடுத்த கட்டடத்துக்குப் போவார். அங்கே உடனே செய்வார்கள். நோயாளி அறுவைக்குப் பின் ஓய்வெடுத்து, வலி தானாகவே குறைந்தாலும், செய்தவருக்கே நன்றி சொல்வார். பொறுக்கச் சொன்னவர் கைராசி இல்லாதவர் என்று பேர் வாங்குவார். செய்த அறுவை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, தவிர்த்த அறுவையை எவரும் பார்ப்பதில்லை. மருத்துவமனைகள் நெருங்க நெருங்க, பொறுத்துப் பார்க்கச் சொல்லும் துணிவு ஒவ்வொருவருக்கும் குறைந்துகொண்டே போகிறது. இதில் நோயாளிகளாகிய நமக்கும் பங்கு உண்டு. ஊசி போடாத மருத்துவரையும் ஸ்கேன் எழுதாத மருத்துவரையும் நாம் மதிப்பதில்லை. அந்த கிளினிக்கிலேயே, “இவ்வளவு தூரம் வந்ததுக்கு உடற்பயிற்சிதானா?” என்று சலித்துக்கொண்டு எழுந்துபோன குடும்பத்தைப் பார்த்தேன்.

முழங்காலோடு நிற்கும் சிக்கலும் அல்ல இது. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்த இடைவெளி முழுவதையும் போட்டியின் தலையில் கட்ட முடியாது. வயது, முந்தைய சிசேரியன், நல்ல நேரம் பார்க்கும் வழக்கம் என்று பலவும் உண்டு. ஆயினும் அமெரிக்காவில் 1970-க்கும் 1982-க்கும் இடையே பிறப்பு விகிதம் 13.5 சதவீதம் குறைந்தபோது, எங்கெல்லாம் அதிகமாகக் குறைந்ததோ அங்கெல்லாம் மகப்பேறு மருத்துவர்கள் சிசேரியன் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள் என்று ஜோனதன் குரூபரும் மரியா ஓவிங்ஸும் 1996-இல் காட்டியதை இதோடு சேர்த்துப் படிக்கலாம். ஒரு மருத்துவருக்கு வரும் பிரசவங்கள் குறைந்தால், வருகிற ஒவ்வொரு பிரசவத்திலிருந்தும் கிடைக்கும் வருமானம் முக்கியமாகிவிடுகிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தனியார் மருத்துவமனைகள் பெருகியதால் இந்த மாவட்டம் பெற்ற நன்மை பெரிது. தொப்பூர் கணவாயில் நள்ளிரவில் லாரி மோதிக் கால் எலும்பு நொறுங்கியவரை முன்பு சேலத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்று தருமபுரியிலேயே இரவிலும் அறுவை நடக்கிறது. 2008-இல் வந்த தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும், 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் இதே காலத்தில் சேர்ந்துகொண்டன. எலும்பு முறிவில் மருத்துவரின் விருப்பத்துக்கு அதிக இடமில்லை, முறிந்தது முறிந்ததுதான். இடுப்பெலும்பு முறிவுக்கான மருத்துவமனைச் சேர்க்கை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை என்பதை வென்பர்க்கின் வழியில் வந்த ஆய்வுகளும் காட்டுகின்றன. செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம் என்ற நிலையில் உள்ள நோய்களில்தான், அதாவது முழங்கால் தேய்மானம், முதுகுத் தண்டு, கர்ப்பப்பை, வலி தராத பித்தப்பைக் கல் போன்றவற்றில்தான், போட்டி முடிவை இழுத்துப்போகிறது.

போட்டி எப்போதும் கெடுதல்தான் என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 2006 முதல் நோயாளிகள் மருத்துவமனையைத் தாமே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனபோது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டணத்தை அரசே நிர்ணயித்திருந்தது. போட்டி அதிகம் இருந்த இடங்களில் மாரடைப்பு மரணங்கள் மற்ற இடங்களைவிட வேகமாகக் குறைந்தன என்று ஆய்வுகள் கண்டன. விலையில் விளையாட முடியாதபோது தரத்தில் போட்டி போட்டார்கள். நம்முடைய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை வரையறுத்துத்தான் இருக்கிறது. 2017 ஆகஸ்டில், பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் உலோகச் செயற்கை முழங்கால் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று மத்திய அரசு உச்ச விலை வைத்தது. இரண்டுமே ஏழைக்கு நல்லவை. ஆனால் ஓர் அறுவைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கட்டுப்படுத்தினால் மட்டும் எத்தனை அறுவை செய்யலாம் என்பது கட்டுப்படாது. அந்த இடத்தைத்தான் இப்படிப்பட்ட கிளினிக் நிரப்புகிறது: முடிவெடுப்பவரையும் செய்பவரையும் அது பிரித்துவைக்கிறது.

அம்மாவுக்கு அவர் எழுதித் தந்தது எளிய சிகிச்சை. முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சி, காலை நீட்டித் தூக்கும் பயிற்சி, தரையில் குந்துவதைத் தவிர்த்தல், கழிப்பறையில் போட்டுக்கொள்ள ஒரு நாற்காலி, வலது முழங்காலில் வலி அதிகம் என்பதால் கைத்தடியை இடது கையில் பிடித்தல், எடையைக் குறைத்தல், வலி கூடும் நாளில் மட்டும் மாத்திரை. நாங்கள் வலிக்கிற பக்கத்துக் கையில்தான் தடி பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தோம். பயிற்சியை யார் சொல்லித் தருவது என்ற கவலைக்கும் அவரே வழி சொன்னார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் என்றார். கேட்டோம், வந்தார். இப்போது அம்மா மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து இறங்குகிறார். வலி முழுதாகப் போய்விடவில்லை. தோட்டத்தில் களை எடுப்பதை மட்டும் விட்டுவிட்டார். அதில் அவருக்கு வருத்தம் இருக்கிறது.

கிளினிக்கின் குறைகளும் சிறியவை அல்ல. தொலைபேசியில் டோக்கன் கிடையாது. நேரில் வந்து பெயர் கொடுத்துவிட்டு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடம் குறுகலானது; முட்டி வலிக்காரர்கள் உட்கார உயரமான நாற்காலிகள் போதவில்லை என்பது ஓர் எலும்பு மருத்துவரின் கிளினிக்கில் இருக்கக் கூடாத குறை. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், படிக்கச் சிரமமான கையெழுத்தில் இருக்கிறது. பயிற்சிகளைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் கிராமத்தார்க்குப் பேருதவியாக இருக்கும். இதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் எனக்கு இருந்தது: அறுவை செய்யாத மருத்துவர், வேண்டிய அறுவையையும் தள்ளிப்போடச் சொல்லிவிடுவாரோ? காரிமங்கலத்திலிருந்து வந்திருந்த ஒரு முதியவருக்கு இடுப்பு மூட்டுப் பந்து சிதைந்திருப்பதைப் பார்த்து, இதில் நாள் கடத்தக் கூடாது என்று அன்றே அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததை அருகிலிருந்து கண்டபின் அந்தச் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. இருந்தாலும் அவரும் ஒரு மனிதர். அவர் சொல்வதும் ஒரு கருத்துதான்.

ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாய். அதே வலிக்கு ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்தால் வாங்குவதில்லை. அடிபட்டு எலும்பு முறிந்தவர்கள், காய்ச்சலோடு மூட்டு வீங்கியவர்கள், திடீரென்று கால் மரத்துப்போனவர்கள் இங்கே வந்து நேரத்தை இழக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள் குறித்துச் செய்யும் அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டு மனம் உறுதிப்படாமல் இருப்பவர்களுக்கே இந்த இடம். போவதற்கு முன் ஸ்கேன் அறிக்கையை மட்டும் எடுத்துப் போகாமல் படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை தயங்கினால், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று நன்னடத்தை விதிகளில் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். அறுவைக்குச் சம்மதம் வாங்கும் மருத்துவர், மாற்றுச் சிகிச்சைகள் என்னென்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நோயாளிக்கு விளக்க வேண்டும் என்று சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்திருக்கிறது; அந்த இரண்டு கேள்விகளுக்கும் முதல் மருத்துவமனையில் கிடைத்த பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இவருக்கு வேலை எளிதாகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், முழங்கால் வரை எளிதில் உயர்த்தக்கூடிய உடையில் வாருங்கள். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து கூட்டம் அதிகம் வருவதால், வயதானவர்களை அழைத்துவருபவர்கள் வாரத்தின் நடுவில் வருவது நல்லது.